கோவில் வேம்பை வெட்டலாமா? உபாகமம் 20-ஐ வைத்து எங்கள் கமிட்டியில் ஒரு வாக்குவாதம்

கடைசி_பெஞ்சு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

சாத்தான்குளம் பக்கம் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். கோவிலுக்கு மேற்கே ஒரு வேம்பு நிற்கிறது. யார் வைத்தது என்று ஊரில் மூத்தவர்களுக்கே தெரியாது. ஞாயிறு பள்ளியை அதன் அடியில்தான் நடத்துகிறேன். வைகாசி வெயிலில் கோவிலுக்குள் ஃபேனுக்குக் கீழே இருப்பதைவிட அங்கே இருப்பது சுகம்.

போன கமிட்டியில் அதை வெட்டுவதாகப் பேச்சு வந்து, ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மும்பையில் இருக்கிற ஒரு குடும்பம் முற்றம் முழுக்க பேவர் பிளாக் பதித்து, தகர ஷெட்டும் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பந்திக்கு, ஒரு ஷெட் வேண்டும் என்று வெகு நாளாக எல்லாருக்கும் ஆசை. எனக்கும்தான், பொய் சொல்லமாட்டேன். மரத்தின் மேல் சொல்லப்பட்ட குற்றங்கள் இவை: வேர் வராந்தாவைத் தூக்குகிறது. காக்கை எச்சம் கார்களில் விழுகிறது. ஆனி, ஆடியில் பழம் விழுந்து வழுக்குகிறது. அந்தப் பழத்தைப் பொறுக்க வெளி ஆட்கள் காம்பவுண்டுக்குள் வந்து போகிறார்கள்.

நான் எழுந்து வேதத்தில் உபாகமம் 20:19 வாசித்தேன். யுத்தத்தில் ஒரு பட்டணத்தை முற்றிக்கை போட்டு வளைத்திருக்கும்போதுகூட அதன் மரங்களைக் கோடரி ஓங்கி வெட்டாதே என்கிற இடம். செயலாளர் அண்ணன் கோபப்படவே இல்லை. "தங்கச்சி, அடுத்த வசனத்தையும் வாசிச்சிருங்க" என்றார். 20-ஆம் வசனம் உங்களுக்குத் தெரியும். புசிக்கத்தக்க கனி கொடாத மரம் என்று அறிந்தால் வெட்டலாம். "வேப்பம்பழத்தை நம்ம வீட்ல யாரு திங்கா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஆதியாகமம் 1:28, பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளச் சொல்லியிருக்கிறதே என்றார்கள். ஒரு பெரியவர், "2 பேதுரு 3:10 பாரும்மா, பூமியே வெந்து போகப்போகுது, ஒரு வேம்புக்கு என்ன?" என்று முடித்தார்.

இப்போது சிக்கல் என்னவென்றால், வருகிற சுற்றுச்சூழல் ஞாயிறு அன்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செய்தி கொடுக்கும் முறை எனக்கு. எங்கள் சபைப் போதகர் ஐயர்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இந்த வசனங்களுக்கு நேர்மையான பதில் என்ன? இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தாழ்மையைப் பற்றியும் படைப்பைப் பற்றியும் பேசவேண்டும். ஆனால் நான் மேடையேறினால் கமிட்டியில் தோற்றதற்குப் பழி தீர்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கும். எப்படிப் பேச?

—

நெய்தல்_ராஜ்:

சிஸ்டர், நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), மணப்பாடு பக்கம். நீங்கள் உபாகமம் என்பதை நாங்கள் இணைச்சட்டம் என்போம், மற்றபடி சண்டை ஒன்றுதான்! திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் படைப்பைக் குறித்துச் சுற்றுமடல் எழுதியதிலிருந்து எங்கள் பங்கில் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று கொண்டாடுகிறோம். அக்டோபர் 4 அசிசி பிரான்சிஸ் திருநாள். பூமியைச் சகோதரி என்றும் தாய் என்றும் பாடியவர் அவர். நீங்களும் அவரை எடுத்துப் பேசுங்கள். எளிமைக்கும் அவர்தான், பறவைகளுக்கும் அவர்தான், இரண்டு தலைப்பும் ஒருவரிலேயே வந்துவிடும்.

—

ஓய்வு_வாத்தியார்:

தங்கச்சி, பாளையங்கோட்டையில் வெகு காலம் வேதபாடம் எடுத்தவன் நான். முதலில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். உபாகமம் 20-ல் உங்கள் செயலாளர் சொன்னது சரி. அந்தச் சட்டம் மனுஷனுக்குச் சாப்பாடு தருகிற மரத்தைக் காக்கிறது, மற்றதை வெட்ட அனுமதிக்கிறது. அனுமதிதான், கட்டளை இல்லை. அதுவும் யுத்த நெருக்கடியில் கொத்தளம் போடுவதற்கு. கார் நிறுத்துவதை யுத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் அந்த வாசலில் நின்று மல்லுக்கட்டாதீர்கள். ஒரு வசனத்தை நீங்கள் எறிய, அவர் ஒன்றை எறிய, சாயங்காலம்வரை நடக்கும்.

நீங்கள் போகவேண்டிய இடம் யோபு 38 முதல் 41 வரை.

யோபுவுக்கு வந்த கஷ்டம் எல்லாம் வந்து, சிநேகிதர்கள் பேசி ஓய்ந்து, கடைசியில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். யோபு கேட்டது "எனக்கு ஏன் இப்படி?" கர்த்தர் அதைத் தொடவே இல்லை. சமுத்திரம், பனி, சிங்கம், காட்டுக்கழுதை, தீக்குருவி (நெருப்புக்கோழி), ராஜாளி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார். வரையாடு ஈனுகிற காலம் உனக்குத் தெரியுமா என்கிறார். நம் மாநில விலங்கு அது, மேற்கு மலையில் இருக்கிறது, நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? காண்டாமிருகத்தைக் கயிறு போட்டு ஏர்பூட்டி உழுவாயோ என்கிறார். அந்த வரிசை முழுவதும் பாருங்கள், மனுஷனுக்கு உதவுகிறது என்று சொல்ல யுத்தக் குதிரை ஒன்றுதான். மற்றதெல்லாம் நமக்குப் பிரயோஜனம் இல்லாத ஜீவன்கள். அவற்றைப் பற்றித்தான் கர்த்தர் அவ்வளவு ஆசையாகப் பேசுகிறார்.

38-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனத்தை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனுஷர் குடியில்லாத இடத்திலும் மழை பெய்யப்பண்ணுகிறவர் யார் என்று கேட்கிறது. மழைக்காக ஐப்பசி, கார்த்திகையை எதிர்பார்த்துக் கிடக்கிற செம்மணல் தேரிக்காட்டு ஜனம் நாம். ஒருத்தனும் இல்லாத இடத்தில் மழை பெய்தால் வீண் என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

அதே அதிகாரத்தின் கடைசி வசனம் காக்கை. குஞ்சுகள் தேவனை நோக்கிக் கூப்பிடும்போது இரை தேடிக் கொடுக்கிறவர் யார் என்று. லேவியராகமம் 11-ல் காகம் அசுத்தமான பறவை. பலிக்கும் ஆகாது, பந்திக்கும் ஆகாது. லூக்கா 12:24-ல் இயேசு எந்தப் பறவையைக் கவனித்துப் பாருங்கள் என்கிறார்? காகத்தை! வேப்பம்பழத்தை யார் தின்கிறார்கள் என்று கேட்டார்களே, பதில் அங்கே இருக்கிறது. காக்கா தின்கிறது, மைனா தின்கிறது, கொண்டைக்குருவி தின்கிறது, ராத்திரி வௌவால் தின்கிறது. கார் மேல் விழுந்த எச்சம்தான் சாட்சி.

ஆதியாகமம் 1:28 சொன்னவர்களிடம் சண்டை போடாமல் முன்னும் பின்னும் வாசிக்கச் சொல்லுங்கள். "பலுகிப் பெருகுங்கள்" என்கிற ஆசீர்வாதம் 22-ஆம் வசனத்தில் மீனுக்கும் பறவைக்கும் நமக்கு ஒரு நாள் முன்னாலேயே கிடைத்துவிட்டது. நமக்கென்று தனியாக ஒரு நாள்கூட இல்லை. நாட்டுமிருகமும் ஊரும் பிராணியும் உண்டாக்கப்பட்ட அதே ஆறாம் நாளில் மிச்ச நேரத்தில் நாமும். 30-ஆம் வசனத்தில் பசும்பூண்டுகளை மிருகங்களுக்கும் ஆகாயத்துப் பறவைகளுக்கும் ஆகாரமாகக் கொடுக்கிறார். ஆளுகை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேதத்தில் ராஜா என்றால் எப்படி இருக்கவேண்டும்? உபாகமம் 17-ல் அவன் குதிரைகளைச் சேர்த்துக் குவிக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகப் பெருகப்பண்ணக்கூடாது, அவன் இருதயம் தன் சகோதரருக்கு மேலாக மேட்டிமை கொள்ளக்கூடாது. உபாகமமே வேண்டும் என்றால் இந்த அதிகாரத்தைக் கொடுங்கள்.

பேதுரு சொன்ன பெரியவருக்கு நோவாவைச் சொல்லுங்கள். அதே 3-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் ஜலப்பிரளயத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார். உலகம் அழியப்போகிறது என்று கர்த்தரே நேரில் சொல்லிக் கேட்டவன் நோவா. கேட்டுவிட்டு அவன் என்ன செய்தான்? மிருகங்களுக்காகத் தச்சுவேலை செய்தான். அதற்குப் பிறகு ஆதியாகமம் 9-ல் வருகிற உடன்படிக்கையும் நோவாவோடு மட்டும் இல்லை, பேழையிலிருந்து புறப்பட்ட சகல ஜீவஜந்துக்களோடும்.

ஒன்று கேட்கவேண்டும். "பழம் பொறுக்க வெளி ஆட்கள் வருகிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது யார்?

—

கடைசி_பெஞ்சு:

வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. காக்கை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

பழம் பொறுக்குகிறது தெற்குத் தெரு ஆச்சி ஒருத்தி. நம் சபை இல்லை, அம்மன் கோவில் தெரு. விடியற்காலையில் வந்து பெருக்கிக் கூட்டி, பழத்தைக் கசக்கி, கொட்டையைக் காயவைத்து, எண்ணெய்ச் செக்குக்கு வாங்குகிற வியாபாரியிடம் கிலோ கணக்கில் போடுவாள். பெரிய பணம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை. கேட் பூட்டியிருந்தால் வெளியே உட்கார்ந்து கோவிலைப் பெருக்கிப் பராமரிக்கிற கோவில்பிள்ளை வரும்வரை காத்திருப்பாள். ஒரு தடவை கமிட்டியில் அவளை உள்ளே விடக்கூடாது என்றுகூடப் பேச்சு வந்தது.

—

ஓய்வு_வாத்தியார்:

அப்படியானால் உங்கள் செய்தி அந்த ஆச்சியிடம்தான் இருக்கிறது. லேவியராகமம் 19:9, 10. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, திராட்சத்தோட்டத்தில் உதிர்ந்ததை எடுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. ரூத் போவாசின் வயலுக்குள் நுழைந்தது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். அவளும் வெளி ஆள்தான், மோவாபிய ஸ்திரீ. போவாஸ் வேலைக்காரர்களிடம், அவளை ஈனம்பண்ணவேண்டாம், அரிகளில் சிலவற்றை அவளுக்காகவே சிந்திவிடுங்கள் என்கிறான். அந்த வம்சத்தில்தான் தாவீது, தாவீதின் வம்சத்தில்தான் கர்த்தர். மத்தேயு முதல் அதிகாரத்திலேயே ரூத்தின் பெயர் இருக்கிறது.

புசிக்கத்தக்க கனி இல்லை என்றாரே செயலாளர், அந்த மரம் ஒரு ஆச்சிக்குக் கஞ்சி ஊற்றுகிறது. இதை வாதமாக வைக்காதீர்கள், செய்தியாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவளுடைய பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். மேடையில் வைத்து அவளைக் காட்டுப்பொருள் ஆக்கிவிடக்கூடாது.

கூடவே லேவியராகமம் 25:23-ஐயும் வாசியுங்கள். தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள் என்கிறார் கர்த்தர். காம்பவுண்டுச் சுவருக்குள்ளே இருக்கிற நாமே வெளி ஆட்கள்தான்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்லலாம். மெஞ்ஞானபுரம் கோவில் கோபுரம் 192 அடி என்று பெருமையாகச் சொல்வோம். மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் அங்கே வந்தபோது சுற்றிலும் தேரி மணல். கிணறு தோண்டி, மரம் நட்டு, மனுஷர் குடியிருக்கிற இடமாக ஆக்கினார். கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம், அந்த மரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பனையேறி ஜனங்கள் கருப்பட்டி விற்ற காசில் காணிக்கை போட்டுக் கட்டின கோவில்கள் இந்தத் தேரிக்காட்டில் எத்தனையோ. அந்தப் பனையை நாமே செங்கல் சூளைக்கு விற்றோம். 2021-ல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவிக்கவேண்டி வந்தது. இதை ஒரு வரியோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் பெண்கள் சங்கம் சரித்திர வகுப்பாகிவிடும், எனக்கு அந்த வியாதி உண்டு.

—

கணக்கு_நோட்டு:

ஒரு மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டா? நான் வேறொரு சபையில் பொருளாளர். இங்கே எல்லாரும் கமிட்டியை அரக்கர் கூட்டம்போலப் பேசுவதால் சொல்கிறேன்.

மரத்தடியைப் பெருக்குகிறது யார் தெரியுமா? மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போது காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடி நிறைந்திருக்கும். கோவில்பிள்ளைக்கு நாம் கொடுக்கிற சம்பளத்தில் அவர் அதைச் செய்கிறார். எங்கள் கோவிலில் ஒரு காற்று நாளில் பட்டுப்போன கிளை ஒடிந்து வண்டிகள் மேல் விழுந்தது. பிள்ளைகள் கீழே இல்லாதது தேவகிருபை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, வசனம் சொல்கிறவர்கள் யாரும் போன் போடவும் இல்லை. வேர் வராந்தாவைத் தூக்கினால் வயதானவர்கள் இடறுவார்கள், அதுவும் நிஜம்.

ஆகவே வசனத்தோடு சேர்த்து வேலையையும் கேளுங்கள் சகோதரி. பட்ட கிளைகளை மழைக்கு முன்னால் ஆள் வைத்துக் கழிக்கலாம். பேவர் பிளாக் போடட்டும், ஆனால் அடிமரத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஆறடியாவது மண்ணாக விடச்சொல்லுங்கள், இல்லையென்றால் வெட்டாமலே மரம் நலியும். முற்றம் முழுக்க மூடினால் மழைத்தண்ணீர் நேரே ரோட்டுக்குப் போகும். உங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வருகிற லட்சணத்தில் அது தேவையா என்று கேளுங்கள். ஷெட்டைக் கிழக்கே தள்ளலாமா என்று கேளுங்கள். தகர ஷெட்டுக்குக் கீழே மத்தியான அசனத்தில் ஒரு தடவை உட்கார்ந்தவன் வேம்பை வெட்டமாட்டான். இடம் கோவில் இடமாக இருந்தாலும் பத்திரம் பெரும்பாலும் டயோசீசன் (திருமண்டல) டிரஸ்ட் பெயரில் இருக்கும். மரம் வெட்ட சேகரக் கமிட்டி தீர்மானம் மட்டும் போதுமா என்று ஐயரிடம் மரியாதையாகக் கேட்கலாம், குற்றம் பிடிக்கிற மாதிரி இல்லாமல்.

இன்னொன்று. 2019 ஜனவரி 1-லிருந்து நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. அசனப் பந்தியில் பிளாஸ்டிக் பூசின தட்டும் கப்பும் போட்டுவிட்டு, சாயங்காலம் கோவிலுக்குப் பின்னால் கூட்டி எரிக்கிறோமா இல்லையா? அந்தப் பந்தியில் பரிமாறுகிறது பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கம்தான். வேம்பைப் பேசுகிற அன்று இதையும் பேசினால், செயலாளரை மட்டும் குத்துகிறீர்கள் என்று யாரும் சொல்லமுடியாது.

—

கடைசி_பெஞ்சு:

பொருளாளர் அண்ணன் சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் எனக்கு வேண்டியது அதுதான். அசனத்துக்கு வாழை இலை, தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் என்று எங்கள் சங்கத்தில் கேட்டுப்பார்க்கப் போகிறேன். டம்ளரை யார் கழுவ என்று கேள்வி வரும். முதல் ஆளாக என் பெயரை எழுதிவிட்டுத்தான் கேட்கவேண்டும்.

ராஜ் தம்பி, அசிசி பிரான்சிஸை எங்கள் ஆச்சிமாரிடம் கொண்டுபோனால் "நம்ம பாமாலைப் பாட்டுப் புஸ்தகத்துல உண்டா?" என்பார்கள். பார்க்கிறேன்!

வாத்தியார் ஐயா, என் இரண்டாம் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பழி தீர்க்கிறதுபோல் இல்லாமல் எப்படிப் பேச?

—

ஓய்வு_வாத்தியார்:

அதற்கும் யோபுதான். 40-ஆம் அதிகாரத்தில் "நான் நீசன்" என்று சொல்லி, கையினால் வாயைப் பொத்திக்கொள்கிறான். எல்லாரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 42:10 வரை போங்கள். யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார். யார் அந்தச் சிநேகிதர்? அத்தனை அதிகாரம் அவனோடு வாக்குவாதம் பண்ணினவர்கள். அதில் யோபு சொன்னதுதான் சரி என்று கர்த்தரே 42:7-ல் சொல்லிவிட்டார். சரியாகப் பேசினவன்தான் மற்றவர்களுக்காக ஜெபிக்க முழங்கால் போடுகிறான். கமிட்டியில் யார் சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செய்திக்கு முந்தின வாரம் முழுக்க செயலாளர் வீட்டுக்காகவும் அந்த மும்பைக் குடும்பத்துக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஷெட் கொடுக்க வந்தவர்கள் நல்ல மனசோடுதான் வந்திருக்கிறார்கள். ஜெபித்த பிறகும் குத்தலான ஒரு வாக்கியம் உங்கள் நோட்டில் மிஞ்சியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

இன்னும் ஒரு யோசனை. பிலேயாமின் கழுதையை நினைத்துக்கொள்ளுங்கள், எண்ணாகமம் 22. தீர்க்கதரிசி பார்க்காத தூதனைக் கழுதை பார்த்தது. பார்த்தும் அது பிரசங்கம் பண்ணவில்லை. வழியில் படுத்துக்கொண்டு, அடி வாங்கி, "நான் உமக்கு என்ன செய்தேன்?" என்று கேள்விதான் கேட்டது. வேம்பு சார்பில் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். கழுதை என்று சொன்னதற்குக் கோபம் வேண்டாம், வேதத்தில் கழுதைக்கு எப்போதும் நல்ல மரியாதைதான், குருத்தோலை ஞாயிறு உட்பட.

வாசிப்புக்கு யோபு நாலு அதிகாரமும் வேண்டாம், வெயிலில் ஆச்சிமார் தூங்கிவிடுவார்கள். 38:25 முதல் 27, பிறகு 38:41, பிறகு 39:13 முதல் 18 வரை. தீக்குருவி முட்டையை மண்ணில் போட்டுவிட்டு, கால் மிதிக்கும் என்று நினைக்காமல் போகிற இடம் அது. அதை ஒரு சின்னப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், சிரிப்பார்கள். சிரித்து முடிக்கிற நேரத்தில் நீங்கள் எழுந்திருங்கள்.